கடைமடை

காந்தக் குழாய்க்குள் படுத்திருந்த இருபது நிமிஷமும்
யாரோ தகரக் கொட்டகையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.
நான் மனசுக்குள் பாசிமுத்தான் ஓடையின்
மதகுகளை எண்ணிக்கொண்டு போனேன்.
பொதுப்பணித்துறை, வரைவாளர், முப்பத்தோரு வருஷம்.
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்
எந்த மதகு எந்த வயலுக்கென்று.
பதினொன்றாவது மதகில் பெயர் வரவில்லை.

போனதே அவருக்குத் துணையாகத்தான்.
மஞ்சக்குப்பத்திலிருந்து பாண்டி பஸ்.
பெண்ணையாற்றுப் பாலம் வந்தபோது
ஜன்னலோரம் அவர்.
கோரிமேட்டில் இறங்கக் கை கொடுத்தது நான்.
ஆய்வுக்காக வயதான ஆண் பெண் இருவரையும் பார்க்கிறோம்,
காசில்லை, என்றார்கள்.
காசில்லை என்றதும் கலியமூர்த்தி
"தையல்நாயகியையும் எழுதிக்குங்க" என்றார்.

பதினாலு வருஷமாக அவருக்குப் பிரஷர் மாத்திரை.
காலையில் ஒன்று, ராத்திரி பாதி.
பாதியாக உடைக்க என் நகவெட்டி.
அவர் தட்டில் உப்புக் குறைந்த ரசம்,
அவர் கை கழுவப் போனதும் என் தட்டில்
முதுநகர் சந்தையின் நெத்திலிக் கருவாடு.
என் கையில் அந்தப் பட்டையைக்
கடைசியாகச் சுற்றியது தேவி பிறந்தபோது.

நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னாள்
கழுத்தில் அட்டை தொங்கிய சின்னப் பெண்.
தொண்ணூற்று மூன்று.
எண்பத்தாறு.
எண்பத்தாறில்தான் தேவி பிறந்தாள்,
அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் முழங்கால் தண்ணீர்,
ஒரு கூடைக்காரர்தான் என்னைத் தூக்கிக்கொண்டு...
அவள் எதையோ குறித்துக்கொண்டாள்.
பக்கத்து அறையில் அவர்
இரண்டு வரைக்கும் கழித்து முடித்துவிட்டு வந்து
காபி எங்கே கிடைக்கும் என்றார்.

டாக்டர் மெஹருன்னிசா
இரண்டு படங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.
அவருடையதில் அங்கங்கே அரிசி நொய்.
என்னுடையதில்
நடுவிலிருந்த இரண்டு கறுப்புக் குளங்களின் கரை நெடுக
உப்புப் பூத்திருந்தது.

"பெரிய ரத்தக்குழாய் எல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா.
இது உள்ளே நுனிவரைக்கும் போற மெல்லிசுக் குழாய்.
அழுத்தத்துல சுவர் தடிச்சுப்போச்சு,
கடைசி இடத்துக்கு ரத்தம் எட்டல."

கடைமடை, என்றேன்.
என்ன, என்றார்.

எப்படிச் சொல்வது?
வீராணத்தில் நாற்பத்தேழு அடி நிற்கும்.
ஏரி நிறைந்தது என்று பேப்பரில் படம் போடுவார்கள்.
அதே வாரம் கடலோரத்து ஊர்களிலிருந்து
என் மேஜைக்கு மனு வரும்,
அடியில் வரிசையாகக் கைநாட்டு.
வரைபடத்தை விரித்துப் பார்ப்பேன்.
நான் இழுத்த நீலக்கோடு
அந்த வயல் வரைக்கும் பழுதில்லாமல் போயிருக்கும்.

மூன்று மாதமாக வாசற்படியில் ஒரு கணம் நிற்கிறேன்,
எந்தக் கால் முதலில் என்று.
கழிவறைக்கு எழுந்தால் போய்ச் சேருவதற்குள் பயம்.
கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு
அதன் பெயரைத் தேடுகிறேன்.
வயசு என்றுதான் நினைத்தேன்.
அவரும் அப்படித்தான் சொன்னார்.

"இருக்கிறது இருக்கும்,
இனிமே பரவாமப் பார்த்துக்கலாம்" என்று
டாக்டர் சீட்டு எழுதினார்.
காலையில் ஒன்று.
நடக்க வேண்டும். உப்பு, ஊறுகாய், கருவாடு
மூன்றுக்கும் அடியில் கோடு.

ராத்திரி அவர் தன் கருவியைக் கொண்டுவந்து
என் கையில் பட்டையைத் தலைகீழாகச் சுற்றினார்,
பிறகு சரியாகச் சுற்றினார்.
நூற்று அறுபத்தெட்டு, தொண்ணூற்று நாலு.
தன் நோட்டில் பக்கத்தை இரண்டாகப் பிரித்து
எனக்கொரு பத்தி போட்டார்.
ஸ்கேல் இல்லாமல் போட்ட கோடு,
கீழே வரவர என் பக்கமாகச் சாய்ந்திருந்தது.
நான் திருத்தவில்லை.

மறுநாள் மத்தியானம்
கருவாட்டு டப்பாவைக் காணவில்லை.
மேல்தட்டில் இல்லை, அரிசிப் பானைக்குப் பின்னால் இல்லை.
நான்தான் எங்கோ வைத்துவிட்டேனா
என்று அடுக்களை நடுவில் நின்றேன்.
கூடத்தில் அவர்
பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார்.
ரொம்ப நேரமாகப்
பக்கம் புரளவில்லை.